ஏறியவர், இறங்கியவர்

வண்டி நகர்ந்ததும் அவர் உதடு அசையும். வாசல் கம்பியைப் பிடித்து நிற்கிற எனக்கு அது நன்றாகத் தெரியும். எங்களை எண்ணுகிறார். நெஞ்சோடு அணைத்த பள்ளிக்கூட நோட்டு, காதிடுக்கிலிருந்து கைக்கு வந்துவிட்ட பென்சில், வெயிலுக்குச் சுருங்கிய கண்கள். பெட்டிகள் ஒவ்வொன்றாக அவரைத் தாண்டும். கடைசிப் பெட்டியில் கார்டு கொடியைச் சுருட்டுகிறபோது அவர் குனிந்து எழுதிக்கொண்டிருப்பார். அப்புறம் கரிசல் காடு. அப்புறம் மக்காச்சோளம். அவர் ஒரு புள்ளி. அப்புறம் அந்தப் புள்ளியும் இல்லை.

சங்கரன்கோவிலுக்கும் ராஜபாளையத்துக்கும் நடுவே இருந்தது எங்கள் ஹால்ட், பாசஞ்சர் வண்டி மட்டும் நிற்கிற சின்ன நிறுத்தம். ஒரு மஞ்சள் பலகை, ஜன்னல் வைத்த ஒற்றை அறை, நிழலுக்கு ஓர் உடைமரம், இரண்டு சிமெண்டு பெஞ்சு. நடைமேடை தரையோடு தரையாகக் கிடக்கும். வண்டியின் படி இடுப்புயரத்தில் இருக்கும். பெண்கள் ஒருவரை ஒருவர் முதுகில் கைகொடுத்துத் தள்ளி ஏற்றிவிடுவார்கள். கடைசியாக நிற்பவளை உள்ளே இருந்து கையைப் பிடித்து இழுப்பார்கள். அதற்குள் வண்டி ஊதிவிடும்.

அவர் அங்கே ஹால்ட் ஏஜென்ட். ரயில்வே ஊழியர் இல்லை. சங்கரன்கோவில் ஸ்டேஷனுக்குப் போய் டிக்கெட் கட்டுகளை வாங்கி வந்து, தேதி குத்தி, அந்த ஜன்னல் வழியாக விற்பவர். சொற்பக் கமிஷன். சீருடை கிடையாது, விடுப்பு கிடையாது. எத்தனை டிக்கெட் போயிற்று என்பது மட்டும்தான் அவர் மேலே சொல்ல வேண்டிய விவரம். ஏறிய ஆட்களை எண்ணச் சொல்லி யாரும் அவரைக் கேட்டதில்லை. அவராக எண்ணினார். அவராக எழுதினார். ஒவ்வொரு வண்டிக்கும் இரண்டு கட்டம். ஏறியவர், இறங்கியவர்.

"எதுக்கு அண்ணாச்சி இந்தப் பாடு?" என்று ஒரு நாள் கேட்டேன்.

"டிக்கெட்டு வேற, ஆளு வேற தம்பி. டிக்கெட்டை எழுத ஆபீஸ் இருக்கு. ஆளை யாராவது எழுதணும்லா?"

பெயர் சொல்லி அவரை யாரும் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. ஏஜென்ட் அண்ணாச்சி. அவ்வளவுதான். அத்தனை பேரை எழுதிய நோட்டின் அட்டையிலும் அவர் தன் பெயரை எழுதியிருக்கவில்லை.

பேச்சியக்கா ராஜபாளையத்தில் நூல் மில்லுக்குப் போகிறவள். எங்கள் பெட்டியின் வாய் அவள்தான். ஒரு காலையில் ஏறிய வேகத்திலேயே குதித்து இறங்கினாள். சோற்றுவாளியைப் பெஞ்சிலேயே விட்டிருந்தாள். எடுத்துக்கொண்டு ஓடிவந்து திரும்ப ஏறினாள். அண்ணாச்சி நோட்டோடு வாசலுக்கு வந்துவிட்டார்.

"ஏ பேச்சி, நீ எறங்கும்போது வண்டி நகந்துச்சா?"

"எதுக்கு கேக்கிய?"

"நகந்திருந்தா ஏறினது ரெண்டு, எறங்கினது ஒண்ணு. நகரலைன்னா ஏறினது ஒண்ணே ஒண்ணு."

"சோத்துவாளியும்தான் ஏறுது. அதையும் சேத்து எழுதுங்க!"

பெட்டி முழுக்கச் சிரிப்பு. வண்டி கிளம்பிவிட்டது. அவர் கூடவே நடந்து வருகிறார், நடை ஓட்டமாகிறது, வேட்டி காலைத் தட்டுகிறது. "வெளையாடாத பேச்சி. நகந்துச்சா, இல்லையா?"

"நகரலை அண்ணாச்சி, நகரலை! போயி நிம்மதியா எழுதுங்க!"

அவர் முகத்தில் வந்த அந்த நிம்மதியை நான் வேறு மனிதர்களிடம் பார்த்ததில்லை. அன்று சிரித்தோம். ஒரு ஆள் கூடக் கூடாது, ஒரு ஆள் குறையவும் கூடாது என்று ஒரு மனிதன் வண்டியோடு ஓடுகிறான் என்றால் அதற்குச் சிரிக்காமல் என்ன செய்வது? இப்போது அதை நினைத்தால் எனக்கு மூச்சு வாங்குகிறது.

அதே பேச்சியக்காவின் மகள் நிறைமாதமாக ராஜபாளையம் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினாள். அம்மாவும் மகளும் மெதுவாகப் படியேறுகிறார்கள். பேச்சியக்கா திரும்பி, "இவளை ஒண்ணுன்னு எழுதுவியளா, ரெண்டுன்னா?" என்றாள்.

அவர் பென்சிலைக் கடித்துக்கொண்டு யோசித்தார். உண்மையாகவே யோசித்தார். "எறங்கும்போது பாப்போம்" என்றார்.

சில நாள் கழித்து சாயங்கால வண்டியில் துணிச்சுருளோடு மகள் இறங்கினாள். அண்ணாச்சி கிட்டே போய் எட்டிப் பார்த்தார். இறங்கியவர் கட்டத்தில் எழுதி, பக்கத்தில் 'கைக்குழந்தை ஒன்று' என்று சேர்த்தார். "ஊருக்கு ஒரு ஆளு கூடுதல்" என்று என்னிடம் நோட்டைக் காட்டினார். தங்க நகை காட்டுகிற மாதிரி காட்டினார்.

அந்த நோட்டுக்குள்ளே இன்னொரு நோட்டும் உண்டு. மீட்டர் கேஜ் பாதையை அகலப் பாதையாக்க எங்கள் தண்டவாளத்தைப் பெயர்த்துக்கொண்டு போன காலம் அது. வண்டி ஓடவில்லை. சல்லி மேட்டில் ஆடு மேய்ந்தது. அப்போதும் அவர் காலையிலும் மாலையிலும் வண்டி வருகிற நேரத்துக்கு ஹால்ட்டுக்குப் போனார், நோட்டைத் திறந்தார், எழுதினார். 'வண்டி இல்லை.' மறுநாள், 'வண்டி இல்லை.' பக்கம் பக்கமாக, ஒரே அளவு எழுத்தில், வண்டி இல்லை, வண்டி இல்லை. வழியில் போகிறவர்கள், "என்ன அண்ணாச்சி, இன்னைக்காவது உண்டா?" என்று கேலி செய்வார்கள். "இன்னைக்கு இல்ல" என்பார். இன்னைக்கு என்ற சொல்லில் அவர் கொடுக்கிற அழுத்தத்தில் நாளை என்று ஒன்று இருந்தது.

வந்தது. அகலமான தண்டவாளம், நீளமான வண்டி, பழைய நேரம். முதல் நாள் அவர் எழுதியதை எட்டிப் பார்த்தேன். மாலை போடவில்லை, வாழ்த்து எழுதவில்லை. இரண்டு கட்டம் போட்டிருந்தார்.

மாதத்தின் கடைசி வாரம் வந்தால் எனக்கு அவரைக் கண்டால் பயம். நான் சிவகாசியில் ஓர் அச்சகத்தில் பிழை திருத்துகிறவன். காலண்டர், டைரி, கல்யாணப் பத்திரிகை. ஓர் எழுத்து மாறினால் கண்ணில் முள்ளாகக் குத்தும். அப்படிப்பட்ட நான் சட்டைப்பையில் ஒரு பிழையை வைத்துக்கொண்டு வருடக்கணக்காக அவர் முன்னால் நின்றிருக்கிறேன். என் சீசன் டிக்கெட். ஏறுவது எங்கள் ஹால்ட்டில். டிக்கெட்டில் இருந்ததோ சங்கரன்கோவில்.

நான் மட்டும் இல்லை, அத்தனை பேரும் அப்படித்தான். ஜன்னலில் சீசன் கிடையாது. அதற்கு சங்கரன்கோவில் கவுண்டருக்குத்தான் போக வேண்டும். போனால் நம் ஹால்ட் பெயரைச் சொல்லியும் எடுக்கலாம். ஆனால் சங்கரன்கோவில் என்று எடுத்தால் ஓர் ஊர் கூடுதலாகக் கிடைக்கிறது. சாயங்காலம் நம் ஊரில் இறங்காமல் அப்படியே போய்விடலாம். துணி எடுக்க, பூ வாங்க, கோயிலுக்குப் போக. திரும்ப மினி பஸ் இருக்கிறது. ஊரே இந்தப் புத்திசாலித்தனத்தைச் செய்தது.

"இந்த மாசம் சீசன் எடுக்கையில நம்ம ஊர் பேரைச் சொல்லி எடுங்க தம்பி." மாதாமாதம் அதே வாக்கியம். அதட்டல் இல்லை. கெஞ்சலும் இல்லை. கடைக்குப் போகிறவரிடம் ஒரு தீப்பெட்டி வாங்கிவரச் சொல்வது மாதிரி.

"எடுத்துருவோம் அண்ணாச்சி."

எடுக்க மாட்டோம். நாங்கள் எடுக்கவில்லை என்பது அவருக்குத் தெரியும். தெரிந்தும் அவர் ஒருவரிடமும், காட்டு பார்ப்போம் என்று கேட்டதில்லை. சீசனை வாங்கிப் பார்க்கிற அதிகாரம் ஏஜென்டுக்குக் கிடையாது என்பார்.

பிறகு ஒரு நாள் ஜன்னலுக்குப் பக்கத்தில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. ஒட்டியவர் அவரே. கோணாமல் ஒட்டியிருந்தார். டிக்கெட் குறைவாகப் போகிற நிறுத்தங்களில் வண்டி நிற்பது பற்றி, வரும் மாதங்களின் விற்பனையைப் பார்த்து முடிவு செய்யப்படும். அவ்வளவுதான் விஷயம்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஊர் திரண்டு ஹால்ட்டுக்கு வந்தது. ஒரு யோசனையோடு வந்தது. வீட்டுக்கு ஒரு டிக்கெட், தினமும். யாரும் எங்கேயும் போக வேண்டாம். எடுத்துக் கிழித்துப் போட்டுவிட வேண்டியது.

"ஏறப்போறது யாரு?" என்று அண்ணாச்சி கேட்டார்.

"யாரும் ஏற வேண்டாம் வே. டிக்கெட்டு போனாப் போதும்" என்றார் கூட்டத்தில் மூத்த ஒருவர்.

"ஆளு ஏறாத டிக்கெட்டுக்கு நான் தேதி குத்த மாட்டேன்."

"சும்மாவா கேக்கோம்? காசு குடுத்துத்தான வே கேக்கோம்."

"நோட்டுல என்னன்னு எழுத? டிக்கெட்டு போச்சு, ஆளு இல்லைன்னு எழுதவா?"

"அந்த நோட்டைத் தூக்கி அடுப்புல போடும்!"

சத்தம் ஏறியது. பேச்சியக்கா கையை உயர்த்தி எல்லாரையும் அமர்த்தினாள். அன்று அவள் குரலில் கேலி இல்லை. "அண்ணாச்சி, நாங்க பொய்யா சொல்லுதோம்? தெனமும் ஏறத்தான செய்யுதோம்? உங்க நோட்டுலயே இருக்கோம்லா? எங்க டிக்கெட்டு அங்கன போயிருச்சு. அதுக்கு ஈடா இங்கன கொஞ்சம் எடுக்கோம். இதுல என்ன பொய்யி?"

அவள் சொன்னது அவருக்குள்ளே இறங்கி எங்கேயோ போய் முட்டியதைப் பார்த்தேன். பிறகு இல்லையென்று தலையை ஆட்டினார்.

"அதுக்குப் பொய்யே வேண்டாம் பேச்சி. ஏறுதவங்க எல்லாரும் சீசனை நம்ம ஊர் பேர்ல எடுங்க. அம்புட்டுத்தான். நீங்க எங்கன ஏறுதியளோ அதைச் சொல்லி எடுங்க."

கூட்டம் தரையைப் பார்த்தது. நானும் பார்த்தேன். சல்லிக்கல் இடுக்கில் எறும்பு ஊர்ந்துகொண்டிருந்தது.

"மொதல்ல உங்க வீட்டுல கேளுங்க" என்றாள் பேச்சியக்கா.

அண்ணாச்சியின் மனைவி கூட்டத்தின் பின்னால் நின்றிருந்தாள். எங்களுக்கு மதினி. ராஜபாளையத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் ஆயா வேலை. எங்களோடுதான் தினமும் ஏறுவாள். அவர் திரும்பிப் பார்த்தார். வீட்டிலும் அவர் சீசனை வாங்கிப் பார்த்ததில்லை போலிருக்கிறது.

"வெள்ளிக்கெழமைக்கு வெள்ளிக்கெழம கோமதியம்மனைப் பாக்கப் போவேம்லா" என்றாள் மதினி, முந்தானையை விரலில் சுற்றிக்கொண்டே. "அதுக்குத்தான் சங்கரன்கோவில்ல இருந்து எடுத்தேன்."

"இத்தன வருசமாவா?"

"ஆமா."

அவர் பெஞ்சில் உட்கார்ந்தார். யாரும் சிரிக்கவில்லை. கூட்டம் எப்போது கலைந்தது என்று எனக்கு நினைவில்லை. மறுநாள் காலை வண்டி நகர்ந்தபோது பார்த்தேன். உதடு அசைந்தது. மதினியையும் எண்ணித்தான் எழுதியிருப்பார்.

நோட்டுகளையெல்லாம் ஒரு துணிப்பையில் கட்டிக்கொண்டு ரயில்வே மேல் ஆபீசுக்குப் போனார். என்னையும் கூப்பிட்டார். "நீங்க எழுத்து பாக்குதவரு. வாசிச்சுக் காட்டுவீய." என்னிடம் சீசன் இருந்தும் எங்கள் இரண்டு பேருக்கும் தன் ஜன்னலிலேயே டிக்கெட் எடுத்தார். தானே தேதி குத்தினார். பிறகு நோட்டில் ஏறியவர் கட்டத்தில் எழுதினார். அவரும் அதில் ஒருவர். அவர் தன்னை எழுதி நான் பார்த்தது அன்றைக்கு ஒரு நாள்தான்.

அதிகாரி சின்ன வயதுக்காரர். உட்காரச் சொன்னார், டீ வரவழைத்தார். பொறுமையாகப் பக்கங்களைப் புரட்டினார். 'வண்டி இல்லை' வந்த இடத்தில் நிறுத்தி, அடுத்த பக்கம் பார்த்தார், அதற்கடுத்த பக்கம் பார்த்தார். நிமிர்ந்தபோது அவர் முகத்தில் ஒரு மரியாதை இருந்தது. அந்த மரியாதையைக் கண்டதுமே காரியம் ஆகாது என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

"இவ்வளவு பேர் ஏறியிருக்காங்க, சரி. டிக்கெட் இல்லையே ஐயா?"

"டிக்கெட்டு சங்கரன்கோவில்ல இருக்கு சார்."

"அப்போ அவங்க சங்கரன்கோவில் பயணிகள்."

"ஏறுதது எங்க ஊர்ல சார். நான் கண்ணால பாத்து எழுதியிருக்கேன்."

"நீங்க பார்த்தது சரி. எங்களுக்குத் தெரியறது டிக்கெட் மட்டும்தான்."

அதில் கோபப்பட ஒன்றுமில்லை. அதிகாரி சொன்னது உண்மை. அண்ணாச்சி எழுதியதும் உண்மை. பொய் இருந்தது என் சட்டைப்பையில், மதினியின் பர்சில், பேச்சியக்காவின் சுருக்குப்பையில். அந்த மேஜையில் கணக்கானது அது மட்டும்தான்.

திரும்பி வருகிற வண்டியில் அவர் ஜன்னலோரம் உட்கார்ந்து மலையைப் பார்த்துக்கொண்டே வந்தார். நான் அவர் கையைப் பிடித்துச் சொன்னேன். "அண்ணாச்சி, இந்த மாசம் நான் நம்ம ஊர் பேர்ல எடுக்கேன். சத்தியமா எடுக்கேன்."

"எடுங்க தம்பி" என்றார்.

எடுக்கவில்லை. வரிசையில் நின்றேன். சொல்ல வேண்டிய பெயர் வாயில் தயாராக இருந்தது. அந்த மாதம்தான் மகளை சங்கரன்கோவிலில் டியூஷனுக்குச் சேர்த்திருந்தோம். சாயங்காலம் போய் அவளைக் கூட்டிக்கொண்டு திரும்ப வேண்டும். தினமும். நம் ஊர் பேரில் எடுத்தால் அந்த ஒரு ஸ்டேஷனுக்குத் தினம் ஒரு டிக்கெட். அடுத்த மாதம் மாற்றிக்கொள்ளலாம். ஒரு ஆள் மாற்றி என்ன ஆகிவிடப் போகிறது? என் முறை வந்தது. "சங்கரன்கோவில், சிவகாசி" என்றேன். எனக்கு முன்னால் நின்றவர்களுக்கும் பின்னால் நின்றவர்களுக்கும் இப்படி ஒரு காரணம் இருந்திருக்கும். எல்லாமே நல்ல காரணங்கள். கெட்ட எண்ணம் ஒருவருக்கும் கிடையாது. அப்படித்தான் ஓர் ஊர் அட்டவணையிலிருந்து இறங்கிப் போனது.

வண்டிக்குப் புதுப் பெயர் வந்தது, புது நேரம் வந்தது, வேகம் வந்தது. எங்கள் ஊர் வரவில்லை.

முதல் சில நாள் பேச்சியக்கா மெயின்ரோடு வரை நடந்து போய்ப் பார்த்தாள். பஸ் பிடித்து மில்லுக்குப் போய்ச் சேர்வதற்குள் ஷிப்ட் தொடங்கிவிடும். கொஞ்ச நாளில் ஆடுகளை விற்றுவிட்டு ராஜபாளையத்தில் ஓர் ஓட்டு வீட்டை வாடகைக்குப் பிடித்தாள். சாமான் ஏற்றிய மினி லாரி ஹால்ட்டைத் தாண்டித்தான் போக வேண்டும். அண்ணாச்சி உடைமரத்தடியில் நின்றிருந்தார். நானும் நின்றிருந்தேன். பேச்சியக்கா லாரியை நிறுத்தச் சொன்னாள்.

"ஒரு டிக்கெட்டு கிழிக்கதுல என்ன கொறஞ்சு போச்சு அண்ணாச்சி உங்களுக்கு?"

அவள் மடியில் பேரன் இருந்தான். அன்றைக்குத் துணிச்சுருளில் வந்து இறங்கிய அதே கைக்குழந்தை, இப்போது வளர்ந்து ஒரு கொய்யாப்பழத்தைக் கடித்துக்கொண்டிருந்தது. லாரி போனது. புழுதி அடங்குகிற வரைக்கும் பார்த்திருந்தவர் என் பக்கம் திரும்பினார்.

"லாரியில போனா நான் எங்கன தம்பி எழுதுவேன்?"

அவர் மட்டும் சரி என்று சொல்லியிருந்தால் வண்டி நின்றிருக்கும் என்று ஊர் இன்றைக்கும் சொல்கிறது. நின்றிருக்குமா? எனக்குத் தெரியாது. சில மாதம் நின்றிருக்கலாம். கிழித்துப் போடுவதற்கு எவ்வளவு நாள் மனசு வரும்? ஒன்று மட்டும் தெரியும். ஊர் அவரைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டது. எங்களுக்கு ஒரு முகம் தேவைப்பட்டது. டிக்கெட் ஜன்னலுக்குள் சட்டமிட்ட மாதிரி அவர் முகம் வசதியாக இருந்தது.

நானும் போய்விட்டேன். சங்கரன்கோவிலில் ஸ்டேஷனுக்குப் பின்னால் வீடு. மகள் டியூஷனுக்கு நடந்தே போனாள். இப்போது பாதைக்கு மேலே மின்கம்பி ஓடுகிறது. டிக்கெட் எடுக்கிற வேலை போனுக்குள் போய்விட்டது. வண்டி எங்கள் பழைய ஹால்ட்டைக் கடக்கிற நேரம், சாயம் போன மஞ்சள் பலகையைக் கண் தேடிப் பிடிப்பதற்குள் முடிந்துவிடுகிறது.

குடிவந்த சில மாதத்தில் ஒரு காலை, சங்கரன்கோவில் நடைமேடை பெஞ்சில் அவர் உட்கார்ந்திருந்தார். தேதி குத்துகிற இயந்திரத்தையும் விற்காத டிக்கெட்டுகளையும் ஒப்படைக்க வந்தாராம். சட்டைப்பையில் பிளாட்பாரம் டிக்கெட்டின் ஓரம் தெரிந்தது. அவர் எடுக்காமல் வந்து உட்கார்ந்திருப்பாரா?

"நோட்டு எழுதுதியளா அண்ணாச்சி?"

"கொஞ்ச நாளு எழுதினேன். ஏறினவரு இல்ல. எறங்கினவரு இல்ல. வண்டி போச்சு." கைகளைத் தொடை மேல் வைத்துக்கொண்டார். "வண்டியே இல்லாதப்ப எழுத முடிஞ்சுது தம்பி. இப்ப கண்ணு முன்னால போகுது, எழுத முடியல."

என் வண்டி வருவதாக அறிவிப்பு வந்தது. எழுந்தேன். அவர் கையை நீட்டினார்.

"சீசன் வச்சிருக்கியளா? காட்டுங்க."

அத்தனை வருடத்தில் கேட்காத மனிதர் கேட்டார். எடுத்துக் கொடுத்தேன். கண்ணாடியை வேட்டி நுனியில் துடைத்துப் போட்டுக்கொண்டு, எழுத்துக் கூட்டுகிற பிள்ளை மாதிரி உதடு அசையப் படித்தார். சங்கரன்கோவில். சிவகாசி.

"இப்ப வீடு இங்கனதான?"

"ஸ்டேஷனுக்குப் பின்னால அண்ணாச்சி."

"இங்கனதான் ஏறுதியளா?"

"ஆமா."

இரண்டு கையாலும் அதைத் திருப்பிக் கொடுத்தார். "இப்பத்தான் தம்பி சரியா இருக்கு" என்றார்.

அதில் குத்தல் இருந்ததா என்று இன்றுவரை தேடிப் பார்க்கிறேன். இல்லை. பிழை திருத்தி முடித்த தாளை நான் இப்படித்தான் கீழே வைப்பேன்.

வண்டி வந்தது. ஏறினேன். வாசல் கம்பியைப் பிடித்துக்கொண்டு அவரையே பார்த்தேன். பெஞ்சிலிருந்து எழுந்து நின்றார். வண்டி நகர்ந்தது. என் பெட்டி அவரைத் தாண்டியது. அவர் கண் என் மேல்தான் இருந்தது.

உதடு அசையவில்லை.